முதுமையும் அமானத்தும்: பராமரிப்பில் சட்டக் காவலும் கருவிக் கண்காணிப்பும்

தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத ஒரு வயது வந்த மனிதரை மற்றவர்கள் காக்க முற்படும்போது இரண்டு கடமைகள் எதிரெதிரே நிற்கின்றன. அவருடைய உயிருக்கு ஊறு நேராமல் பார்த்துக்கொள்வது ஒன்று. அவருடைய சுதந்திரத்தையும் மானத்தையும் அந்தக் காவலின் பெயரால் பறித்துவிடாமல் இருப்பது மற்றொன்று. முதல் கடமையை நாம் எளிதில் உணர்கிறோம். இரண்டாவது கடமை நம் கண்ணில் படுவதில்லை. அன்பு மிகுந்த இடத்தில்தான் அது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

நினைவாற்றல் குன்றும் நோய் இந்தியாவில் பெருகி வருகிறது. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. பிள்ளைகள் வளைகுடாவிலும் பெருநகரங்களிலும் வாழ, பெற்றோர் ஊரில் தனித்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. இந்த இடைவெளியை நிரப்பக் கண்காணிப்புக் கருவிகள் சந்தைக்கு வந்துவிட்டன. இவற்றைப் பயன்படுத்துவதில் சட்டம் எங்கே நிற்கிறது, ஃபிக்ஹின் அடிப்படை விதிகள் என்ன சொல்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாத நிலையில் 28 பேர் கருகி மாண்டனர். தர்காவை நாடி வந்த குடும்பங்கள், நோயுற்ற தம் உறவினரை இத்தகைய காப்பகங்களில் விட்டுச் சென்றிருந்தன. சங்கிலி எதற்கு என்று கேட்டால், அவர்கள் ஓடிவிடாமல் இருக்க, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க என்ற பதிலே அங்கு கிடைத்திருக்கும். பாதுகாப்புக்காகப் பூட்டப்பட்ட சங்கிலியே அவர்களின் உயிரைக் குடித்தது.

இங்கு கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. உரிமம் பெறாமல் மனநலக் காப்பகம் நடத்தக்கூடாது என்று அது விதித்திருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. சென்று பார்க்கும் கண்தான் இல்லை. விபத்துக்குப் பின் ஏர்வாடியின் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் செய்தித்தாள் அறிக்கையின் அடிப்படையில் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மாநிலங்கள் தத்தம் எல்லையிலுள்ள காப்பகங்களை ஆய்வு செய்யவேண்டும் என 2002இல் ஆணையிட்டது. பிரார்த்தனையையும் மருத்துவத்தையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் இணைக்கும் முயற்சி, குஜராத்தின் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிப் பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது.

ஆயினும் படிப்பினை முழுமையாகக் கற்கப்படவில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய உரிமமின்றி இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அங்கு சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உறவினர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ததே அந்த ஆய்வுக்கு வழி திறந்தது. அடித்துத் துன்புறுத்தியது, பாலியல் வன்முறை உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் எழுந்து, வழக்கு குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. ஓர் உறவினர் விடாமல் கேட்டதால் வெளிவந்த உண்மை அது. கேட்பதற்கு ஆளில்லாத முதியவரின் நிலை என்ன என்ற வினா அங்கேயே நிற்கிறது.

இன்றைய சட்டம் தரும் காவல்கள்

2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், ஏர்வாடியின் சாம்பலிலிருந்து எழுந்த சட்டம் எனலாம். எந்த வடிவிலும் எவ்வகையிலும் நோயாளியைச் சங்கிலியிடுவதை அதன் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவது பற்றி 97ஆம் பிரிவு பேசுகிறது. உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் ஒப்புதலுடன், தேவையான நேரத்துக்கு மேல் நீடிக்காமல் அதைச் செய்யலாம். தண்டனையாகச் செய்யக்கூடாது. பணியாளர் பற்றாக்குறை என்பதற்காகவும் செய்யக்கூடாது. செய்ததைப் பதிவேட்டில் எழுதவேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும்.

இச்சட்டத்தின் 4ஆம் பிரிவு அடிப்படையானது. மனநோய் உள்ளவர் என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட முடிவு தொடர்பான செய்தியை அவரால் விளங்கிக்கொள்ள முடிகிறதா, விளைவை உணர முடிகிறதா, தம் விருப்பத்தைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்க முடிகிறதா என்பதே அளவுகோல். மேலும், ஒருவர் தெளிவோடு இருக்கும்போதே வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டுத் தம் பிரதிநிதியை நியமித்துக்கொள்ள 14ஆம் பிரிவு இடமளிக்கிறது. இந்த எளிய வாய்ப்பை நம் குடும்பங்களில் மிகச் சிலரே அறிந்திருப்பர்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2009இல் வந்தன. புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தை அணுகி மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், 23ஆம் பிரிவின் கீழ் செல்லாததாக்கலாம். ஆனால் இச்சட்டம் பொருளைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. முதியவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசவில்லை. முதியோர் இல்லங்களையும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களையும் பதிவு முறைக்குள் கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே, 2024இல் அந்த மக்களவை கலைந்தபோது காலாவதியானது.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. தாய் மறதி நோயுற்றால் மூத்த மகன் இயல்பாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவார் என்று பலர் கருதுகின்றனர். வயது வந்த ஒருவருக்கு அவ்வாறு எவரும் தாமாகப் பாதுகாவலர் ஆவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுக்கே பாதுகாவலரை நியமிக்கிறது. முதுமை மறதி அந்தப் பட்டியலில் பெயரிடப்படவில்லை. மறுபுறம், ஒருவரைக் குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால் செல்லவிடாமல் முறையின்றி அடைத்துவைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி குற்றம். வீட்டுக்குள் பெற்றோரைப் பூட்டிவைக்கும் பிள்ளைகள் இதை எண்ணிப்பார்ப்பதில்லை.

கீரிப்பாறையில் ஒரு வீடு

செய்தியை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். குமரி மாவட்டத்தின் மலையடிவாரத்தில், காப்புக்காட்டின் விளிம்பில் அமைந்தது கீரிப்பாறை. அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் அங்கு உண்டு. ரப்பர் பால் வெட்டுவோர் விடியுமுன்னரே எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டி மரங்களுக்கிடையே செல்வர். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு வடியும் என்பதே காரணம்.

இப்படி முப்பதாண்டுகள் உழைத்து ஓய்ந்த ஒரு மூதாட்டிக்கு நினைவு மங்கத் தொடங்குவதாக எண்ணிக்கொள்வோம். மகன் வெளிநாட்டில், மகள் நாகர்கோவிலில். மறதி நோய் அண்மை நினைவுகளை முதலில் அழிக்கும். நெடுநாள் பழக்கத்தைக் கடைசிவரை விட்டுவைக்கும். எனவே அந்தத் தாய் பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கதவைத் திறந்து நடக்கத் தொடங்குகிறார். வெளியே இருட்டு, ஓடை, காட்டு விலங்குகள். இந்த அச்சம் கற்பனையன்று; இந்நோயாளிகளின் குடும்பத்தார் பலரும் அறிந்தது.

பிள்ளைகள் முன் சில வழிகள் உள்ளன. இரவில் வெளியிலிருந்து பூட்டிவிடலாம். அது தீ விபத்தின்போது சங்கிலியாகவே மாறும். ஏர்வாடியில் நடந்தது அதுதான். படுக்கையறையில் கேமரா பொருத்தி வெளிநாட்டிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்போது அவர் உடை மாற்றுவதும், தன்னினைவின்றிக் கிடப்பதும் திரையில் ஓடும். பதிவுகள் ஏதோவொரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் தங்கும். கைப்பட்டையில் இடங்காட்டும் கருவியைக் கட்டலாம். அக்கருவி செயற்கைக்கோளின் சமிக்ஞையைப் பெற்று, அலைபேசி வலையமைப்பு வழியாகவே செய்தி அனுப்பும். அடர்ந்த மரங்களுக்கும் மலைமடிப்புக்கும் இடையே இரண்டுமே தடைப்படக்கூடும். ஆகவே காட்டோர ஊரில் அதை மட்டும் நம்பியிருப்பது பேதைமை.

நான்காவது வழி எளியது. கதவில் ஒரு காந்த உணரியைப் பொருத்தலாம். கதவு திறந்தால் பக்கத்து வீட்டில் மணி அடிக்கும். படுக்கையருகே உடல் வெப்பத்தின் அசைவை உணரும் அகச்சிவப்புக் கருவியை வைக்கலாம். அது உருவத்தைப் படம்பிடிக்காது. ஒருவர் எழுந்தார் என்பதை மட்டும் சொல்லும். விலையும் குறைவு, ஊடுருவலும் குறைவு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மணி கேட்டவுடன் எழுந்து வர அண்டை வீட்டில் ஒரு மனிதர் வேண்டும். கருவி ஆளைக் காட்டிக்கொடுக்குமேயன்றிக் கைபிடித்து அழைத்துவராது.

அனுமதி கோரலும் துருவாமையும்

ஃபிக்ஹ் இவ்விடத்தில் நமக்கு வழங்கும் வெளிச்சம் வியப்புக்குரியது. ஒருவர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கோரும் இஸ்திஃதானைத் திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது (24:27). அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் வீட்டுக்குள் இருப்போரிடையிலும் மூன்று நேரங்களைத் தனிமைக்குரியனவாக வரையறுக்கிறது: ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில் உடை களையும் நேரம், இஷாவுக்குப் பின். வீட்டுச் சிறாரும் பணிவிடை செய்வோரும்கூட அந்நேரங்களில் அனுமதி பெறவேண்டும். இரவும் பகலும் இமைக்காத கேமரா இம்மூன்று நேரங்களையும் அறியாது.

முவத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) பதிவு செய்துள்ள அறிவிப்பொன்று நம் பொருளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அதாஉ பின் யஸார் (ரஹ்) வழியாக வரும் முர்ஸலான அறிவிப்பு அது. தம் தாயிடம் செல்லவும் அனுமதி கேட்கவேண்டுமா என ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். ஆம் என்றார்கள். ஒரே வீட்டில்தானே அவருடன் இருக்கிறேன் என்றார் அவர். அப்போதும் கேட்கவே சொன்னார்கள். நான்தானே அவருக்குப் பணிவிடை செய்கிறேன் என்று மூன்றாம் முறை கூறியபோதும் விடை மாறவில்லை; தாயை ஆடையற்ற நிலையில் காண விரும்புவாயா என்ற கருத்தில் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பணிவிடை செய்பவன் என்ற தகுதி தாயின் தனிமையில் நுழைய உரிமைச்சீட்டு ஆகாது என்பது இதன் சாரம்.

பிறர் குறையைத் துருவி ஆராய்வதும் தடுக்கப்பட்டுள்ளது (49:12). அதே வேளை இத்தடை விதிவிலக்கற்றதன்று. கொலை போன்ற, பின்னர் சரிசெய்யவே முடியாத தீங்கு நடக்கவிருப்பதாக நம்பகமானவர் தெரிவித்தால் துருவி அறிய இடமுண்டு என ஹிஸ்பா பற்றிய பகுதியில் இமாம் மாவர்தீ (ரஹ்) விளக்குகிறார். நிர்ப்பந்தத்தால் அனுமதிக்கப்படுவது அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடவேண்டும் என்பது ஃபிக்ஹின் பொதுவிதி; உதுமானிய மஜல்லாவின் 22ஆம் விதியாக இது இடம்பெற்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதில் முன்வைக்கப்பட்ட தகவுடைமைக் கோட்பாடும் நோக்கத்துக்கு மிஞ்சாத அளவையே கோருகிறது. இரு மரபுகளும் வெவ்வேறு ஊற்றிலிருந்து பிறந்து ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

முடிவெடுக்கும் தகுதி பற்றியும் நம் இமாம்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். ஊதாரித்தனத்தைக் காரணம் காட்டி, அறிவுத் தெளிவுள்ள வயது வந்தவர் மீது ஹஜ்ர் எனும் தடையை விதிக்கலாகாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. அவர்தம் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் இதில் கருத்து வேறுபட்டனர். ஒருவரின் தன்னாட்சியைப் பறிப்பது அவருடைய மனிதத் தன்மையையே பறிப்பதாகும், அது பொருள் வீணாவதைவிடப் பெருந்தீங்கு என்ற வாதத்தை ஹிதாயா எடுத்துரைக்கிறது. அறிவு தவறியவர் மீதான தடையை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் விட்டுவிட்டு வரும் மயக்கத்தில், தெளிவு திரும்பும் இடைவேளைகளில் அவர் செய்பவை செல்லும் என்று ஃபுகஹாக்கள் கூறினர். மறதி நோயின் தொடக்க நிலையில் காலையில் தெளிவும் மாலையில் குழப்பமும் இருப்பதை அறிந்தவர்க்கு இவ்வேறுபாட்டின் பயன் விளங்கும்.

சட்டத்தின் இடைவெளிகள்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேமராப் பதிவுகளுக்குக் கடிவாளமிடும் என்று எதிர்பார்க்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின்னரே கட்டாயமாகும். இரண்டு இடைவெளிகளை இங்கு குறிப்பிடவேண்டும். தனிநபர் ஒருவர் தம் இல்லப் பயன்பாட்டுக்காகக் கையாளும் தரவுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. எனவே மகன் தாயின் அறையில் பொருத்தும் கேமரா, மகனைப் பொறுத்தவரை, இதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அடுத்து, சிறாரைப் பின்தொடர்வதையும் அவர்தம் நடத்தையைக் கண்காணிப்பதையும் 9ஆம் பிரிவு தடை செய்கிறது. பாதுகாவலரைக் கொண்ட மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதுகாவலரின் ஒப்புதலை மட்டுமே கேட்கிறது. பின்தொடர்தல் பற்றிய தடை அவர்களுக்கு நீட்டிக்கப்படவில்லை. ஒப்புதலின்றி அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றமே. ஆனால் அது தீங்கு நேர்ந்தபின் வரும் தண்டனை, முன்கூட்டிய காவலன்று.

பிற நாடொன்றின் அனுபவத்தை ஒப்பிடலாம். இங்கிலாந்தில் பேசும் ஆற்றலற்ற ஆட்டிசம் கொண்ட ஒருவர், எதிர்ப்புக் காட்டவில்லை என்பதாலேயே சட்டநடைமுறை ஏதுமின்றி போர்ன்வுட் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். அது சுதந்திரப் பறிப்பே என 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. அதன் விளைவாக, பராமரிப்பு இல்லத்தில் ஒருவரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துமுன் வெளியார் ஒருவர் மதிப்பிட்டு அனுமதி தரும் முறை 2009இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. 2014இல் செஷயர் வெஸ்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவான உரைகல் ஒன்றை வகுத்தது. ஒருவர் தொடர்ந்த கண்காணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு, விட்டுச் செல்லச் சுதந்திரமற்றிருந்தால், இடம் எவ்வளவு வசதியானதாயினும் அது சுதந்திரப் பறிப்பே. கூண்டு பொன்னாலானது என்பதால் அது கூண்டு இல்லை என்றாகிவிடாது. அம்முறையும் குறையற்றதன்று, விண்ணப்பங்கள் இலட்சக்கணக்கில் குவிந்து, காலத்தே முடிவு கிட்டாத நிலை ஏற்பட்டது. ஆயினும் காப்பவர் அல்லாத இன்னொருவரின் பார்வை வேண்டும் என்ற அடிப்படை ஏற்கத்தக்கது.

யாரைக் கண்காணிப்பது?

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கண்காணிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு செயல்கள் ஒளிந்திருப்பது புலனாகும். காக்கப்படுபவரைக் கண்காணிப்பது ஒன்று. காப்பவரைக் கண்காணிப்பது மற்றொன்று. ஏர்வாடியிலும் குண்டலப்புலியூரிலும் குறைவுபட்டது இரண்டாவதே. பலவீனர் மீது அதிகாரம் பெற்றவரே தணிக்கைக்கு உரியவர். ஹிஸ்பா மரபின் முஹ்தஸிப் சந்தைக்குச் சென்று நிறுவையைச் சோதித்தார். வாங்க வந்த ஏழையின் பையைச் சோதிக்கவில்லை. முதியோர் இல்லத்தின் நடைவழியிலும் சமையற்கூடத்திலும் வாயிலிலும் கேமரா இருப்பது பணியாளரின் நடத்தைக்குச் சாட்சி. குளியலறையிலும் படுக்கையிலும் இருப்பது முதியவரின் மானத்துக்கு ஊறு.

எனவே ஒரு கருவியைப் பொருத்துமுன் குடும்பம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. இது முதியவரின் தேவைக்கா, நம் மன அமைதிக்கா? தெளிவுள்ள நேரத்தில் அவருக்கு விளக்கி அவர் விருப்பத்தைக் கேட்டோமா? இதைவிடக் குறைவாக ஊடுருவும் வழி உண்டா? காட்சியை யார் யார் பார்ப்பர், எத்தனை நாள் சேமிப்பர்? நிலைமை மாறும்போது மறு ஆய்வு செய்ய நாள் குறித்தோமா? இவற்றுக்கு விடை எழுதிவைக்க ஒரு தாள் போதும். பிரதிநிதியை நியமிக்கும் தாளும் அதனுடன் இருக்கட்டும். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணும் வீட்டுச் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. தனித்து வாழும் முதியோர் பட்டியலொன்றை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை இருவர் சென்று நலம் விசாரிக்கும் ஏற்பாட்டுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. உறவினர் விட்டுச்சென்ற முதியவர் எந்த இல்லத்தில் இருக்கிறார், அது பதிவு பெற்றதா, அவரைக் கடைசியாக நேரில் கண்டது யார் என்று கேட்கும் ஒருவர் இருந்தாலே பல கொடுமைகள் தடுக்கப்படும். அவ்வாறு செல்வோரும் வாசலில் நின்று ஸலாம் கூறி, உள்ளே வரலாமா என்று அந்த முதியவரிடமே கேட்கட்டும். விடை வரச் சற்று நேரமானாலும் காத்திருக்கட்டும்.